திரை வெளுத்தவள் மகள்

படம் பேசாது, நான்தான் பேசுவேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் சினிமாக் கொட்டகையில் அதுதான் என் உத்தியோகம். திரைக்கு இடது பக்கம் எனக்கொரு முக்காலி, கையில் ஒரு பிரம்பு, காலடியில் ஒரு கூஜா தண்ணீர். படத்துக்கு நடுவே எழுத்து அட்டை வந்தால் படிக்கத் தெரியாதவர்களுக்காக உரக்கப் படிக்க வேண்டும். அட்டை வராத இடத்தில் ராஜா வாயசைத்தால் ராஜா நான், ராணி வாயசைத்தால் ராணி நான், குதிரை கனைத்தால் அதுவும் நானே. மூலையில் ஒரு பிடில்காரர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருப்பார். அவர் பிடிலைக் கேட்க எவனும் டிக்கெட் வாங்கியதில்லை. என்னைக் கேட்கத்தான் வந்தார்கள். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் எனக்குத் 'தொண்டை' என்று பெயர் வைத்திருந்தது, சும்மா வைப்பார்களா?

ஆனால் இது என் கதை அல்ல. பக்கத்து வீட்டு வாயாடியின் கதை.

போஸ்டரில் அவளுக்கு நீளமாக ஒரு பெயர் போட்டிருப்பார்கள், கம்பெனிக்காரர்கள் சூட்டியது. எங்கள் தெருவில் வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் திருதிருவென்று விழிப்பார்கள். வாயாடி வீடு எது என்று கேட்டால் நடை பழகாத குழந்தைகூடச் சலவைக் கடையைக் காட்டும். பேசாத படத்தில் கொடிகட்டிப் பறந்தவளுக்கு இப்படி ஒரு பெயரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சலவைக் கடை என் வீட்டுச் சுவரை ஒட்டியது. பின்கட்டில் பெரிய அண்டாக்கள் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். சோடாக் காரமும் ஈரத்துணியும் கலந்த வாடை என் தலையணை வரைக்கும் வரும். முன்கட்டில் நீளமான மேஜை, அதன்மேல் மடித்துப் போட்ட கம்பளி, அதன்மேல் இஸ்திரிப் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் சலவைக்காரம்மா. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டு என்ன பிரயோசனம், அவளுக்குக் காது கேட்காது. மகளைப் பெற்ற வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது இரண்டு காதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

கேட்காமல் போனபின் தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் சந்தையில், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கத்தரிக்காய் சொத்தை என்று சொன்னாள். அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றோடு சரி. கடைக்குள் எங்களைப் போலத் தெரிந்த நாலு பேரிடம் பேசுவாளே தவிர, வாசலைத் தாண்டினால் வெட்டிப் போட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள். அப்படி ஒரு ரோஷக்காரி.

அவள் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிப்பாள். அதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பேசுகிறவர்கள் வெளிச்சத்தில் நின்று முகத்தைக் காட்டித்தான் பேச வேண்டும். முதுகைக் காட்டிப் பேசுவதைவிடப் பெரிய அவமரியாதை அங்கே கிடையாது. விளக்கை அணைத்தால் பேச்சும் அணைந்துவிடும். மூத்தவன், அண்ணன்காரன், நல்ல பையன்தான், ஆனால் வாயை மூடுகிற அளவுக்கு ஒரு மீசை வைத்திருந்தான். "அந்தப் புதரை வெட்டுடா, நீ பேசறது ஒண்ணும் தெரியலை" என்று அவள் தினமும் திட்டுவாள். அவனும் தினமும் தலையாட்டுவான். மீசை மட்டும் அப்படியே இருக்கும்.

மகள்தான் அவளுக்குக் காதும் வாயும். குரலே இல்லாமல், வெறும் உதட்டால் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். நாள் முழுக்கப் பேசுவார்கள். வாடிக்கைக்காரர் வந்து பொத்தான் போய்விட்டது, காலர் மடிந்துவிட்டது என்று கத்திவிட்டுப் போனால், அவர் தெருமுனை திரும்புவதற்குள் வாயாடி மேஜைக்கு முன்னால் வந்து நின்றுகொள்வாள். அவர் மூக்கை உறிஞ்சியது, இடுப்பில் கை வைத்தது, கோபத்தில் எச்சில் தெறித்தது, போகும்போது வாசல்படி தடுக்கியது வரைக்கும் அம்மாவுக்கு நடித்துக் காட்டுவாள். சலவைக்காரம்மா இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வாயாடி நடிப்புப் படித்த பள்ளிக்கூடம் அதுதான். பத்திரிகைக்காரர்கள் என்னென்னவோ எழுதினார்கள். நான் சுவரை ஒட்டி இருந்தவன், எனக்குத் தெரியாதா?

சினிமாக் கம்பெனி ஒன்று ஊருக்கு வெளியே படம் பிடிக்கக் கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகை கட்டியபோது, அவர்கள் உடுப்பெல்லாம் வெளுக்க இங்கேதான் வந்தது. கம்பெனி டைரக்டர் ஒருநாள் தெருவில் நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். தெருவுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மூட்டையும் கையுமாக மகள், நடுவில் வண்டியும் மாடும். அந்தக் கம்பெனிக்காரன் மேலங்கியில் எண்ணெயைக் கொட்டிவிட்டு இப்போது நம்மைக் குறை சொல்கிறான், அவனை நான் சும்மா விட்டு வந்ததே பெரிது என்று வாயாடி அம்மாவுக்கு விவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தம் ஒரு துளி இல்லை. டைரக்டருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சுருட்டு விரலைச் சுட்ட பிறகுதான் அவருக்குச் சுயநினைவு வந்ததாம். உடனே அவளைப் படத்தில் நடிக்கக் கூப்பிட்டார்.

சலவைக்காரம்மா போகக்கூடாது என்றாள். வாயாடி போவேன் என்றாள். கொஞ்ச நாள் அந்தக் கடையில் முகத்தைப் பார்த்து நடந்த சண்டையைப்போல நான் எங்கும் கண்டதில்லை. கடைசியில் ஒரு காலையில் வாயாடி பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அம்மாவுக்கு முதுகைக் காட்டியபடி ஏதோ சொன்னாள். அப்படியே போய்விட்டாள்.

"என்னக்கா சொன்னா?" என்று கேட்டேன்.

"பேசினா. தோள் அசைஞ்சுது. என்ன பேசினாளோ. தோளைப் பாத்துப் படிக்க எனக்குத் தெரியாது தம்பி."

சினிமாக்காரியாகப் போய்விட்டாளே என்ற மானக்கேட்டில் அம்மா பேசாமல் இருக்கிறாள் என்றுதான் தெருவெல்லாம் சொன்னது. எனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. முதுகைக் காட்டினாளே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

வாயாடி ஒரே ஒரு தடவை வந்தாள். பேர் வந்தபின், கம்பெனி மோட்டாரில், அம்மாவுக்கு ஒரு நல்ல சால்வையோடு. உள்ளே நுழைந்து, சட்டப்படி வெளிச்சத்தில் முகத்தைக் காட்டி நின்றாள். சலவைக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கதவை அடைத்தால் தட்டலாம். கண்ணை மூடிக்கொண்டவளை என்ன செய்ய? வாயாடி நின்றாள், நின்றாள். பிறகு சால்வையை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். கண்ணை மூடி நின்ற நேரத்தில் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒரு சட்டை கருகிவிட்டது. அந்தக் கடையில் கருகிய ஒரே சட்டை அதுதான்.

அப்புறம் வருஷக்கணக்கில் இருவரும் பார்க்கவில்லை. நான் மட்டும் வாயாடியைத் தினமும் பார்த்தேன், சுவர் உயரத்துக்கு. முதலில் வேலைக்காரியாக வந்து தட்டை வைத்துவிட்டுப் போவாள். பிறகு பேயாக வந்தாள். பிறகு கதாநாயகியின் தோழி. அதற்குப் பிறகு படம் முழுக்க அவள்தான். ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தாள். குளிர்காலத்தில் ஆற்றில் கழுத்தளவு நின்றாள், பல் கிட்டித்துப்போய் அன்று இரவு சுடச்சுடக் கஷாயம் ஊற்றித்தான் வாயைத் திறக்க வைத்தார்களாம். விளக்குச் சூட்டில் கண் வீங்கி நாலு நாள் கட்டுப் போட்டுக்கொண்டு, ஐந்தாம் நாள் காதல் காட்சியில் அதே கண்ணால் சிரித்தாள். குதிரை தள்ளிவிட்டது, ஏறி உட்கார்ந்தாள். எங்கள் தெருப் பெண். எழுத்து அட்டை படிக்கும்போது என் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அவள் பேர் எடுத்தது ஒரு பார்வையால். நடிகர்கள் காமெராவைப் பார்க்கக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் பாலபாடம். இவள் ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு தடவை, முகம் மட்டும் திரை நிறைய இருக்கும்போது, நேராக நம்மைப் பார்ப்பாள். பார்த்து ஏதோ சொல்வாள். டைரக்டர்கள் மன்றாடிப் பார்த்தார்கள். "அது இல்லேன்னா நானும் இல்லை" என்றுவிட்டாள். நேர்ப்பார்வை, நேர்ப்பார்வை என்று பத்திரிகைகள் கொண்டாடின. அந்த இடத்தில் அட்டை வராது. ஆகவே வசனம் என் பொறுப்பு. ஒரு படத்தில் "விதியே, உனக்குக் கண் இல்லையா?" என்று போட்டேன். இன்னொன்றில் "உலகமே, இது நியாயமா?" கொட்டகையில் மூக்கைச் சிந்தாதவர் கிடையாது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அண்ணன்காரன் என்னைத் தேடி வந்தான்.

"மாமா, ஒரு சேதி."

"சொல்லுடா. ஏன் பிழிஞ்ச துணி மாதிரி நிக்கறே?"

"தங்கச்சி வர்றா. லீவு நாள் மத்தியான ஆட்டம் முடிஞ்சதும் உங்க கொட்டகையில மேடையேறி ஜனங்களுக்கு வணக்கம் சொல்றாளாம். அன்னைக்குச் சாயங்கால ரயில்ல துறைமுகம். அப்புறம் கப்பல். இனிமே பேசற படமாம் மாமா. கம்பெனியே கடல் தாண்டிப் போகுது."

"தெரியும். பேசற படம் வந்தா என் வாய்க்கும் ஓய்வுதான். அதை விடு. அம்மாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். மீசை மறைக்குதுன்னு சொல்லிட்டா."

"எடுத்துத் தொலையேன்டா அதை!"

"மறைக்கலை மாமா. புரிஞ்சுது. புரியாத மாதிரி இருந்தா." அவன் என் முக்காலியில் உட்கார்ந்தான். "வேற ஒண்ணு இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க. அம்மாவுக்குக் கண்ணுல புரை விழுது. ரெண்டு கண்ணுலயும். இப்பல்லாம் விரலால தடவித் தடவித்தான் இஸ்திரி போடறா. கிட்டக்க வந்து நின்னாத்தான் என் மூஞ்சியே தெரியுது. தங்கச்சி திரும்பி வர்றதுக்குள்ள..."

அவன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. காது போனவளுக்குக் கண்ணும் போனால் மகள் என்ன பேசினாலும் இனி அம்மாவுக்குப் போய்ச் சேராது. அன்று விட்டால் அவ்வளவுதான்.

"மோட்டார்ல வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா?" என்றான்.

"வந்தா மறுபடி கண்ணை மூடிக்குவா. உங்கம்மாவை எனக்குத் தெரியாதா? நீ போ. நான் பாத்துக்கறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, ஒரு யோசனையும் ஓடவில்லை. யோசனை திரையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கொட்டகைத் திரை என்பது அகல அகலமான வெள்ளைத் துணிகளைச் சேர்த்துத் தைத்தது. ஆட்டத்துக்கு வருகிறவர்கள் பிடிக்கிற புகையில் அது வருஷத்தில் பழுப்பாகிவிடும். அப்போது அவிழ்த்து வண்டியில் போட்டுச் சலவைக்காரம்மாவிடம் அனுப்புவோம். அந்தத் தடவை வாயாடி வருகிறாள் என்று முதலாளி அவசர அவசரமாக அனுப்பினார். விடாத மழை. வெளியே உலர்த்த வழியில்லை. பின்கட்டில் அண்டா அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, துண்டு துண்டாகத் தள்ளித் தள்ளி உலர்த்தினார்கள். நீலம் போட்டு, கஞ்சி போட்டு, அரை ஈரத்தில் இஸ்திரி. மேஜை கொள்ளாமல் தரையில் கம்பளி விரித்து, அவள் மண்டியிட்டு ஊர்ந்துகொண்டே பெட்டியைத் தள்ளினாள். பெட்டி முன்னால் போகும், இடது கை பின்னால் தடவிக்கொண்டே வரும். மகள் முகம் விழப்போகிற துணி என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போது முகத்தில் மட்டும் ஒரு திருப்தி.

ஆட்டத்தன்று காலையில் நான் கடைக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் டீயில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். வெளிச்சம் பார்த்து, நெருங்கி நின்றேன்.

"அக்கா, ஒரு குறை சொல்ல வந்தேன்."

"சொல்லு. இந்தத் தெருவுல உன் வாய் ஒண்ணுதான் சுத்தமாப் படிக்க வருது. என்ன, சட்டைக் கழுத்துல கறை போகலையா? அது கறை இல்லை, உன் குணம்."

"சட்டை இல்லைக்கா. திரை."

"திரைக்கு என்ன?"

"சுருக்கம் இருக்கு."

ரொட்டி டீக்குள்ளேயே விழுந்துவிட்டது. அவள் எடுக்கவில்லை.

"எங்கே?"

"நடுவுல. சரியா மூஞ்சி விழற இடத்துல."

"பொய். இந்தக் கையால ஒவ்வொரு சாணா தடவியிருக்கேன்."

"கைக்குத் தெரியாதுக்கா. படம் விழுந்தாத்தான் தெரியும். நேத்து ஓட்டிப் பாத்தோம். மூக்கு ரெண்டாத் தெரியுது."

"யார் மூக்கு?"

"யார் மூக்கா இருந்தா உங்களுக்கென்ன? வேலையில குறைன்னு முதலாளி சொல்றார். வந்து பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

அவள் என்னையே பார்த்தாள். "டேய் தொண்டை, நீ தந்திரம் பண்றே."

"தந்திரம்னே வச்சுக்குங்க. சுருக்கம் இல்லேன்னு இங்க உக்காந்தே சத்தியம் பண்ணுங்க, நான் வந்த வழியே போயிடறேன்."

அவள் கை மேஜைக் கம்பளியை மெதுவாகத் தடவியது. பழைய கண்ணாக இருந்தால் அந்த நிமிஷமே தலையில் அடித்துச் சத்தியம் செய்து என்னை விரட்டியிருப்பாள். புரை விழுந்த கண்ணை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வாள்? அந்த இடத்தில் கை வைத்தது எனக்கே பாவமாகத்தான் இருந்தது. வேறு வழி இல்லை.

"துணியைத்தான் பாப்பேன்" என்றாள். "படத்தைப் பாக்க மாட்டேன்."

"உங்களை யார் படம் பாக்கச் சொன்னது? முன் வரிசையில உக்காருங்க. அங்கேருந்துதான் சுருக்கம் தெரியும்."

கொட்டகை நிரம்பி வழிந்தது. ஈரக் குடையும் ஈரத் தலையுமாக ஜனம். சலவைக்காரம்மா முன் வரிசையில் அண்ணன்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தோளில் அந்தச் சால்வை. ஆமாம், அதே சால்வைதான். மழைக்குப் போட்டுக்கொண்டேன் என்றாள். நான் ஏதாவது கேட்டேனா?

விளக்கு அணைந்தது. படம் விழுந்தது. வாயாடி ராணியாக வந்தாள், கணவன் போருக்குப் போகிறான், சதி, துரோகம், எல்லாம் வழக்கம்போல. நான் பிரம்பால் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாலும் பாதிக் கண் முன் வரிசையில்தான். முதலில் அவள் துணியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நடுவே பார்த்தாள். பிறகு கண் நகரவே இல்லை. வீட்டில் எதிரே நிற்கிற முகம் அவளுக்கு மங்கல். இங்கே அந்த முகம் சுவர் உயரம். ஒரு உதடு ஒரு ஆள் நீளம்.

ராஜா செத்துக் கிடக்கிற காட்சி வந்தது. ராணி அவன் மார்பில் விழுந்து கதறுகிறாள். நான் தொண்டையைத் திறந்து, "நாதா! என்னைத் தனியே விட்டுப் போனீரே! இனி நான் யாரைப் பார்த்து வாழ்வேன்?" என்று உருகினேன். பிடில் உருகியது. பெண்கள் விசும்பினார்கள். அந்த நேரம் பார்த்து முன் வரிசையில் ஒருத்தி கெக்கெக்கே என்று சிரித்தாள்.

"யாரது? இரக்கம் கெட்ட ஜென்மம்!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். பிடில் நின்றது. சலவைக்காரம்மாவுக்கு எதுவும் கேட்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பழைய நாட்களில் மேஜைக்குப் பின்னால் சிரித்தாளே, அதே சிரிப்பு. மகன் பக்கம் திரும்பி மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். கொட்டகை முழுக்கக் கேட்டது.

"அவ என்ன சொல்றா தெரியுமாடா? 'மூச்சை அடக்குடா தடியா, பொணத்துக்கு இப்படியா வயிறு ஏறி இறங்கும்? மத்தியானம் என்னத்தைத் தின்னுத் தொலைச்சே, வெங்காய நாத்தம் தாங்கலை'ன்னு சொல்றா!"

எல்லோரும் திரையைப் பார்த்தோம். ராஜாவின் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சத்தியமாக அதுவரை நான் கவனித்ததே இல்லை. கொட்டகை வெடித்துச் சிரித்தது. அழுதுகொண்டிருந்தவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். என் மானம் கப்பலேறியது, ஆனாலும் நானும் சிரித்தேன். பின்னால் இருந்தவர்களுக்கு ஆள் தெரிந்துவிட்டது. "வாயாடி அம்மாடா! வாயாடியைப் பெத்தவடா!" என்று வரிசை வரிசையாகச் சேதி போனது.

அப்புறம் நேர்ப்பார்வை வந்தது. ராணியின் முகம் மட்டும், திரை நிறைய. நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "தெய்வமே" என்பது அன்றைய வசனம். சலவைக்காரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் எழுந்து நின்றிருந்தாள். மகள் உதடு அசைய அசைய, பாடம் படிக்கிற பிள்ளையைப்போல அவள் வாயும் கூடவே அசைந்தது. தான் சத்தமாகச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அம்மா... ரொட்டி மூடி வச்சிருக்கேன்... ஆறிப் போறதுக்குள்ள சாப்பிடு... போயிட்டு வர்றேன்மா."

அவ்வளவுதான். ராணியின் முகம் மறைந்து படம் மேலே ஓடியது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் இருமக்கூட இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு படத்திலும் நான் பார்த்த அந்த வாயசைப்பு ஒன்றேதான். வேலைக்காரியாக வந்தபோதும் அதே, பேயாக வந்தபோதும் அதே. அன்று வாசலில் முதுகைக் காட்டிச் சொன்னதை, முகத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஊர் ஊராக, ஆட்டத்துக்கு ஆட்டம். சேர வேண்டியவள் மட்டும் கொட்டகைக்கு வரவில்லை.

சலவைக்காரம்மா என்னைப் பார்த்தாள். நான் முக்காலியை விட்டு இறங்கி, படம் விழுகிற ஒளியில் அவளருகே முகத்தை நீட்டினேன்.

"எல்லாப் படத்துலயும் இப்படிப் பாப்பாளா?"

"எல்லாப் படத்துலயும்கா."

"பாவி மக" என்றாள். "அன்னைக்கு மேஜையில ரொட்டி மூடித்தான் இருந்துச்சு. எவளோ வச்சிட்டுப் போயிருக்கான்னு கோழிக்குப் போட்டுட்டேன்."

படம் முடிந்து மேடை விளக்குகளை ஏற்றினார்கள். பக்கக் கதவு வழியாக வாயாடி வந்தாள். சாதாரண உடுப்பு, மழையில் நனைந்த தலை. திரையில் பார்த்ததைவிட எவ்வளவு சின்னப் பெண்! ஜனம் எழுந்து நின்று கைதட்டியதில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அவள் கும்பிட்டாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். முன் வரிசையில் சால்வையைப் பார்த்தாள். எந்தக் காட்சியிலும் நான் காணாத ஒரு முகம் அவளுக்கு அப்போது வந்தது. அது நடிப்பில் வராது.

சலவைக்காரம்மா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மேடைப் படியில் ஏறினாள். மகள் உதடு அசைந்தது. அம்மா கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தாள். அந்த மஞ்சள் விளக்கில் என்ன தெரியும்?

"தெரியலைடி" என்றாள். ஊருக்கே கேட்டது. "உன் மூஞ்சி தெரியலை."

வாயாடி அண்ணனைப் பார்த்தாள். அவன் தன் கண்ணைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "மெஷின்காரரே!" என்று கத்தினேன். "விளக்கைப் போடுங்க! படம் வேண்டாம், வெறும் விளக்கு!" மெஷின் அறைத் துவாரத்திலிருந்து வெள்ளை வெளேர் என்று ஒளி வந்து திரையில் அடித்தது. பகல்கூட அப்படி இருக்காது. வாயாடி ஓடிப்போய் அந்த ஒளிக்குள் நின்றாள். பின்னால் அம்மா வெளுத்த திரை, முன்னால் அம்மா.

"அன்னைக்கு ஏன்டி முதுகைக் காட்டினே?"

வாயாடி குரல் விட்டே சொன்னாள். எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கரகரவென்று கட்டைக் குரல். "அழுதேன்மா. அழுதா வாய் கோணிக்குதே, உனக்குப் படிக்க வராதேன்னு திரும்பிக்கிட்டேன்."

"பைத்தியக்காரி! கோணினா என்ன? என் பொண்ணு வாயை எனக்குப் படிக்கத் தெரியாதா?"

அதற்கப்புறம் அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் குரலை விட்டுவிட்டார்கள். வெறும் உதடுதான். ஜனம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. முன் வரிசையில் ஒருவன் என் காலைச் சுரண்டி, "தொண்டை, என்ன பேசறாங்க, சொல்லேன்" என்றான். "போடா, அது உனக்கில்லை" என்றேன். பேசக் கிடைத்த இடத்தில் நான் பேசாமல் இருந்தது அன்று ஒரு நாள்தான்.

மோட்டார்க்காரர் வந்து ரயிலுக்கு நேரமாச்சு என்று கையைப் பிசைந்தார். வாயாடி அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, மீசையை எடு. இனிமே அம்மாகூட நீதான் பேசணும். தெரியலேன்னா அவ விரலை எடுத்து உன் உதட்டுல வச்சுக்கோ. அவ விரலுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லை." அவன் மீசையைக் கையால் மூடிக்கொண்டு அழுதான்.

"இனிமே படத்துல பேசணுமாம்மா" என்றாள் அம்மாவிடம். "இந்தக் குரல் தேறுமான்னு தெரியலை."

"குரலை எவன் கேட்டான்? வாயை நல்லாத் திறந்து பேசு. நேரா பாக்கறதை மட்டும் விட்டுடாதே. நான் வருவேன், முன் வரிசைக்கு."

வாயாடி ஒளிக்கு நடுவே நிமிர்ந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது, முகம் மட்டும் கோணவில்லை. எவ்வளவோ பேரை அழவைத்தவள், அன்று அழாமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே, அதற்கு யாரும் மெடல் கொடுக்க மாட்டார்கள். நேராகப் பார்த்துச் சொன்னாள். "போயிட்டு வர்றேன்மா."

"போயிட்டு வா" என்றாள் சலவைக்காரம்மா. அவ்வளவு ஜனத்துக்கு நடுவே, அவ்வளவு சத்தமாக.

வாயாடி போன கதவு மூடியது. மெஷின்காரர் விளக்கை அணைக்கப் போனார். "இருங்க" என்று சலவைக்காரம்மா கையைத் தூக்கினாள். திரையண்டை போனாள். அந்த வெள்ளை ஒளியில், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும், உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே நடந்தாள். முகம் விழுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று மறுபடியும் தடவினாள். பிறகு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா தொண்டை, எங்கடா சுருக்கம்?"

"இல்லைக்கா."

"எனக்குச் சொல்லாதே. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

நான் முக்காலிமேல் ஏறி நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "மகாஜனங்களே! இந்தத் திரையில் ஒரு சுருக்கமும் இல்லை!" என்று கூரை அதிரச் சொன்னேன். அத்தனை வருஷம் அந்தக் கொட்டகையில் நான் பேசிய வசனங்களிலேயே அது ஒன்றுதான் சத்தியமான வசனம்.